காயாத கையெழுத்து

செவலை ஏழாம் பதிப்பு நிலையானது, இனி தாராளமாக ஊருக்குக் கொடுக்கலாம் என்று ஏழு பேர் சேர்ந்து வைகாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் காலை பதினோரு மணிக்குப் போட்ட கையெழுத்து, வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காயவில்லை. நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியது, திறந்து வைத்தால் ஈ வந்து உட்கார்ந்து நீலக் காலோடு பறந்து போனது.

செவலை என்றால் மாடுதான். ஆனால் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் கம்பெனி வைத்திருந்த அர்த்தநாரி, இருபது வருடத்துக்கு முன்னால் அரிசி ஆலை இயந்திரங்களுக்கென்று ஒரு கணினி மொழியை உண்டாக்கியபோது, ஒரு சொல்லுக்கு நின்று ஒரு சொல்லுக்கு நடக்கிற தன் செவலைக் காளையின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார். நெல்லை ஊறவை, ஆவியை விடு, ஆவியை மூடு, கதவைத் திற என்று அந்த மொழியில் எழுதிவைத்தால் இயந்திரம் கேட்டு நடக்கும். சுற்றுவட்டாரத்தில் முப்பது ஆலைகள் அதில்தான் ஓடின. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொழிக்குப் புதுப் பதிப்பு வரும், வந்தால் அதை ஓட்டிப் பார்த்து, இனி நம்பி ஆலைகளில் ஏற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க நிலைக்குழு என்று ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து முப்பத்தொரு பட்டம் இருந்தது, ஒருவர்கூட ஆலைக்குள் கால் வைத்து உமித் தூசியில் தும்மியது கிடையாது. அதில் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் “பொதுவாகப் பார்த்தால் நல்லாத்தான் இருக்குதுங்க” என்பார், குறிப்பாக அவர் எதையும் பார்த்ததில்லை. இன்னொருவர் மேசையில் இருக்கும் முந்திரி பிஸ்கட் தீரும்வரை கேள்வி கேட்பார், தீர்ந்ததும் திருப்தி அடைந்துவிடுவார்.

பதிப்பு எப்போது தயாராகிறதோ அப்போது வெளியிடுவது என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆடிப் பதினெட்டு அன்று தயாராகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று அர்த்தநாரி விரலை ஆட்டிச் சொல்வார். விதைக்கப் போகிற விதை சொத்தையா முத்தா என்று பார்க்கச் சொன்ன பழமொழி எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பார்க்கிற வேலை கோகிலமணியுடையது. பதினான்கு வருடமாக அவள்தான் அந்தக் கம்பெனியின் தலைமைச் சோதனையாளர், புதுப் பதிப்பு எதில் தடுக்கி விழும் என்று தேடித் தேடி ஓட்டிப் பார்ப்பவள். ஏழாம் பதிப்பில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஒரே கண்ணிமைப்பில் இரண்டு கட்டளை சேர்ந்து வந்தால், பதினோராயிரம் தடவைக்கு ஒரு தடவை, செவலை ஏழு அதில் ஒன்றை விழுங்கிவிடுகிறது. நெல் வேகிற தொட்டியில் ‘ஆவியை மூடு’, ‘கதவைத் திற’ என்ற இரண்டும் சேர்ந்துதான் வரும். அது கதவை விழுங்கினால் நெல் இறங்காது, மேஸ்திரியிடம் திட்டு விழும். ஆவியை விழுங்கினால் கதவு திறந்துகொள்ளும், ஆவி நிற்காது, கீழே வெந்த நெல்லை வாரிக்கொண்டு நிற்கிறவன் வெந்துபோவான். இதை அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பதினோராயிரத்துக்கு ஒண்ணுதானே அம்மிணி என்று குழு சிரித்தது. முப்பது ஆலை, ஆலைக்கு நாளொன்றுக்கு நூற்றிருபது முறை கதவு திறக்கும், விழுங்குவதில் பாதி ஆவி, ஆக ஆறு நாளைக்கு ஒரு ஆள் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னபோது, இப்படி எதிர்மறையாக யோசிப்பது உடம்புக்கு நல்லதில்லை என்று முந்திரி பிஸ்கட்காரர் கவலையோடு சொன்னார்.

அதனால் கையெழுத்து காயாதபோது அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. ஏழு பேருக்கும்கூட ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக முதலில் மை சரியில்லை என்றார்கள், பிறகு காகிதம் சரியில்லை என்றார்கள், பிறகு அந்த வருடத்துக் கத்திரி வெயிலே சரியில்லை என்றார்கள். மின்விசிறியின் கீழே வைத்தார்கள், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார்கள், வரவேற்பறைப் பெண்ணின் முகப் பவுடரை முழு டப்பாவும் கொட்டி ஊதினார்கள். பால்பாயிண்ட் பேனாவில் போட்டாலும் ஈரம், அச்சடித்து வெட்டி ஒட்டினாலும் ஒட்டின இடத்தில் ஈரம். நான்காம் பதிப்புக்குப் போட்ட கையெழுத்துகூட ஒரு சாயங்காலம் முழுக்கக் காயாமல் கிடந்ததாகவும், அன்றைக்கு மழை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் வாட்ச்மேன் ஞாபகப்படுத்தினார், அவரை உடனே கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோகிலமணி அதே நோட்டில், அதே பேனாவில், இரண்டு கட்டளை சேர்ந்து வந்தால் ஒன்று காணாமல் போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியைத் திருகுவதற்குள் அது காய்ந்துவிட்டது. ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

டீக்கடைக்குப் போன செய்தி ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஆனி பிறந்தபோது கம்பெனி வாசலில் வரிசை நின்றது. நெஞ்சறிந்து போட்ட கையெழுத்து காயும், பொய்யாகப் போட்டது காயாது என்று ஊருக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது, நிலைக்குழுவுக்குத்தான் புரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று மாப்பிள்ளையையே எழுத வைக்கத் தரகர்கள் கூட்டிவந்தார்கள். கலப்படமில்லாத தேங்காய் எண்ணெய் என்று எழுதிய வியாபாரி சட்டைக் கை முழுக்க நீலமாக வீடு போய்ச் சேர்ந்தார். கவுன்சிலர் ஒருவர், குடிநீர்க் குழாய் போட்டாகிவிட்டது என்று எழுதிவிட்டு, காயும்வரை காத்திருக்க நேரமில்லை, இன்னொரு திறப்புவிழா இருக்கிறது என்று கும்பிட்டுப் போனார். வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தார், வேப்பமரத்தடியில் இளநீர்க் கடை வந்தது, நோட்டில் பக்கம் தீரத் தீர உள்ளேயிருந்து பக்கம் முளைத்ததா யாராவது தைத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் பதினேழு நிச்சயதார்த்தம் நின்றதும் பெரியவர்கள் கூடிப் பேசி, நோட்டில் தப்பில்லை, எழுதுகிற பழக்கத்தில்தான் தப்பு என்று முடிவுக்கு வந்தார்கள். அதன்பிறகு எல்லாம் வாய்ப்பேச்சாக முடித்துக்கொண்டார்கள், வரிசையும் கலைந்தது, இளநீர்க்காரர் பேருந்து நிலையத்துக்கே திரும்பிப் போனார். இப்படிப்பட்ட அற்புதத்தை ஒரு மாதத்தில் செரித்து ஏப்பம் விட்ட ஊர் அது.

கூரியர்க்காரன் ஒருவன் தவறிப்போய் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டதுதான் குழுவுக்குக் கண்ணைத் திறந்தது. ‘செவலை ஏழு நிலையானது’ என்ற வரிக்கு நேரே போட்டிருந்தான், போட்டதும் காய்ந்துவிட்டது. ஏழு பேரும் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள். வெளியே வந்தபோது அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பிழையைத் திருத்தலாம் என்று தோன்றியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அந்த ஏழு பேரைத் தெரியாது. ஒன்றும் தெரியாதவன் கையெழுத்து காய்கிறது, ஆகவே இனி ஒன்றும் தெரியாத ஒருவரையே கையெழுத்துப் போட நியமிப்பது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். பதவியின் பெயர் ‘நிலை ஒப்புதல் அலுவலர்’. செவலையைப் பற்றி ஒரு எழுத்தும் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்துகொள்ள ஆசையும் இருக்கக் கூடாது. நேர்காணலுக்கு வந்தவர்களில் “இது என்ன வேலைங்க?” என்று கேட்டவர்களை எல்லாம் அந்தக் கேள்வியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்தவன் ஒரே ஒருவன்தான், அவன் கோகிலமணியின் தம்பி நாட்ராயன்.

நாட்ராயன் எதிர் ஆலையில் பதினாறு வருடமாக ஆவித் தொட்டியில் வேலை செய்தவன். அந்தச் சத்தத்தில் கேள்வி கேட்டால் யாருக்கும் கேட்காது என்பதால் கேட்பதையே விட்டிருந்தான். சுவரில் விளக்கு எரிந்தால் வாரு, அணைந்தால் தள்ளிப் போ, அதற்கு மேல் அந்த இயந்திரத்தை யார் எதைக்கொண்டு ஆட்டுவிக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய ஆவிச் சூடு ஒன்று வழவழப்பாக மின்னும். வயது முப்பத்தாறு. ஆலையில் நெல் வேக வைக்கிறவனுக்குப் பெண் கொடுக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை, ஒன்பது வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம். வெள்ளைச் சட்டையும் நாற்காலியும் கிடைத்த பதினோராவது நாள் வெள்ளகோவிலிலிருந்து ஜாதகம் வந்தது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஒத்திகைக்கு ஒரு பக்கத்தில் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மை அப்படியே காய்ந்தது, ஏழு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆனால் நல்ல நேரத்தில் போடாத கையெழுத்து அர்த்தநாரிக்குக் கையெழுத்தே இல்லை, ஆகவே ஆடிப் பதினெட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை அக்காவும் தம்பியும் வீட்டில் ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது என்று அவளிடம் ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்கள்.

கோகிலமணி அத்தனை நாளும் பேசவில்லை. அந்த ஏழு பேரும் தெரியாதவனைத் தேடிப் பிடித்து அவன் கையால் ஆளைக் கொல்லப் பார்க்கிறார்கள், அதுவும் கூடப் பிறந்தவன் கையால், கொன்ற பிறகும் தங்கள் கை காய்ந்தே இருக்க வேண்டும் இவர்களுக்கு என்று பல் கடித்தாள். கடித்த பல்லோடு தம்பிக்குப் பட்டு வேட்டி எடுக்கப் போனாள், பத்திரிகைக்கு நிறம் பார்த்தாள். சொன்னால் அவன் தெரிந்தவனாகிவிடுவான், மை காயாது, நாற்காலி போகும், வெள்ளகோவில் போகும். சொல்லாவிட்டால் ஆறு நாளைக்கு ஒரு ஆள்.

ஆடிப் பதினெட்டு காலை, நாட்ராயன் வெள்ளைச் சட்டையில் தேங்காய்ப் பால் தெறிக்காமல் குனிந்து சந்தகை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

“நாட்ராயா, அந்த ஏழாம் பதிப்புல ஒண்ணு கெடக்குது” என்று ஆரம்பித்தாள்.

அவன் சாப்பிட்ட கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தேங்காய்ப் பால் கழுத்து வழியே இறங்கிச் சட்டைக்குள் போனது.

“சொல்லாதக்கா. எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். இந்த ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்தர்றேன். ஆவணி வரைக்கும் சித்தச் சும்மா இரு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியபோது மனதின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. வேறு சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, நாயனம் வைத்து, முப்பது ஆலை முதலாளிகளையும் வரவழைத்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளகோவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். செவலைக் காளையின் பேரனோ கொள்ளுப்பேரனோ ஒன்று கொம்பில் மாலையோடு நின்றுகொண்டு, அங்கிருந்தவர்களிலேயே அதிக மரியாதையோடு நடந்துகொண்டது. பத்து மணி இருபது நிமிடத்துக்கு நாட்ராயன் கையெழுத்துப் போட்டான். குழு எட்டிப் பார்த்தது. மை காயவில்லை. காயாதது மட்டுமில்லை, ஏழு பேர் கையெழுத்தும் வெறும் ஈரமாகத்தான் இருந்தது, இவன் கையெழுத்து ஓடியது. நோட்டைச் சாய்த்துப் பிடித்தபோது வழிந்து அர்த்தநாரியின் வேட்டியில் சொட்டியது.

அர்த்தநாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மிணி, அவங்கிட்டச் சொல்லிப்போட்டயா?”

“சொல்லலைங்க. சொல்ல வாயெடுத்தேன், காதைப் பொத்திக்கிட்டான்.”

அவர் காளையைத் திரும்பிப் பார்த்தார். காடு கரை பார்த்து வளர்ந்த மனிதர் என்பதால் அவருக்கு மட்டும் புரிந்தது. தெரியாமல் இருப்பவன் ஒரு ரகம், தெரிய வேண்டாமென்று இருப்பவன் இன்னொரு ரகம், அந்த மை இரண்டாவது ரகத்தைத்தான் அதிகம் வெறுக்கிறது. புரிந்ததே தவிர, பந்தல் போட்டாகிவிட்டது, சாம்பார் கொதித்தாகிவிட்டது. முந்திரி பிஸ்கட்காரர் ஓடி வந்து, பக்கத்தைக் கிழித்து லேமினேஷன் செய்துவிட்டால் ஈரம் வெளியே வராது, பார்க்கவும் பளபளவென்று இருக்கும் என்றார். மற்ற ஆறு பேரும் இதை ஏன் வைகாசியிலேயே யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நாட்ராயன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தான். தன் பெயர் தன் கண்முன்னே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கி, அத்தனை பேருக்கு நடுவில் பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டான்.

“என்ன கெடக்குதுக்கா அதுல?”

அவள் சொன்னாள். கண்ணிமைப்பு, பதினோராயிரம் எல்லாம் சொல்லவில்லை. ஆவி நிற்பதற்கு முன்னால் கதவு திறந்துகொள்ளும் என்று மட்டும் சொன்னாள். முப்பத்தொரு பட்டத்துக்கு நான்கு மாதமாக ஏறாதது அவனுக்கு ஒரு மூச்சில் ஏறியது. அவன் கை தானாக இடது முழங்கையைத் தடவியது.

“மூணாந் தொட்டிக்கடியில இப்ப வெள்ளியங்கிரியும் அவஞ் சம்சாரமும் நிக்கறாங்க. நான் நின்ன எடத்துக்கு அவுங்களத்தான் போட்டாங்க” என்றான்.

பிறகு நோட்டை இழுத்து, தன் கையெழுத்தின் கீழே எழுத்துக்கூட்டி, ‘இது ஆகாது’ என்று எழுதிப் பெயரைப் போட்டான். அது எழுத எழுதவே காய்ந்தது. வெள்ளைச் சட்டையோடு எழுந்து, ரோட்டைத் தாண்டி எதிர் ஆலைக்குள் போனான். வெள்ளகோவில் மாமனார் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் தரகரிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு பக்கத்தைக் கிழித்தது. ‘ஆகாது’ இருந்த கீழ்ப்பாதியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டு, மேல்பாதியை லேமினேஷன் செய்து வரவேற்பறையில் மாட்டியது. செவலை ஏழு அன்றைக்கே நிலைப் பதிப்பாக வெளியானது. ஆனால் நாட்ராயன் போய்ச் சொன்ன சேதி ஆலைக்கு ஆலை போய், பழைய ஆறாம் பதிப்பு ஓடினால்தான் தொட்டிக்கடியில் நிற்போம் என்று முப்பது ஆலையிலும் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டதால், ஒரு ஆலைகூட ஏழாம் பதிப்பை ஏற்றவில்லை. வருடக் கடைசியில் ஏழாம் பதிப்பைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்று குழு அறிக்கை எழுதியது. கம்பெனி வரலாற்றிலேயே மிக நிலையான பதிப்பு என்று ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். லேமினேஷனுக்குள் மை இன்னும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வீடு கட்டுகிற கொத்தனார்கள் ரசமட்டம் கிடைக்காதபோது வாங்கிப்போய் மட்டம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நாட்ராயன் மூன்றாம் தொட்டிக்கே திரும்பிவிட்டான். பட்டு வேட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அக்காவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, வழக்கம்போலச் சாப்பிட்டான், வழக்கம்போலத் தூங்கினான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விழாவுக்கு மறுவாரம், நடந்ததற்கு அவளுடைய விளக்கத்தைக் குழு எழுத்தில் கேட்டது. பதிப்பைப் பற்றிய எதுவும் அந்த நோட்டில்தான் எழுதப்பட வேண்டும் என்பது விதி. கோகிலமணி உட்கார்ந்தாள், இவர்களுக்கு எழுதுவது எருமைக்கு ஊதுகிற நாயனம் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தாள். பிழையை மூன்று முறை எழுத்தில் தெரிவித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காய்ந்தது. குழு சிரித்துத் தள்ளிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காய்ந்தது. செய்ய வேண்டிய அனைத்தையும் நான் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, நோட்டை மூடப் போனவள் நிறுத்தினாள்.

விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏழு பேரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதபடி உடம்பால் மறைத்துக் குனிந்து, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் அந்த வரியை ஊதிக்கொண்டிருந்தாள்.